கையால் போட்ட கணக்கு... 75 ஆண்டுகள் அசையாத சாதனை! ஒரு 39 இலக்கப் பகா எண்ணின் கதை

170141183460469231731687303715884105727

மேலே இருக்கும் எண்ணை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒன்று, பத்து, நூறு, ஆயிரம், லட்சம், கோடி என்று வலப்பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு போனால், நமக்குத் தெரிந்த பெயர்களெல்லாம் பாதி வழிக்கு முன்பே தீர்ந்துவிடும். மொத்தம் 39 இலக்கங்கள்.

இது ஒரு பகா எண். அதாவது, 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாது. 2, 3, 5, 7, 11 என்று பள்ளியில் படித்தோமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். இது பகா எண்தான் என்று 1876-ல் அறிவித்தவர், பிரான்ஸ் நாட்டுக் கணித ஆசிரியர் எடுவார்ட் லூகாஸ். கம்ப்யூட்டர் என்ற பொருளே இல்லாத காலம் அது. அடுத்த 75 ஆண்டுகளுக்கு, 1951 வரை, மனிதர்கள் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இதுவே இருந்தது.

இத்தனை பெரிய எண்ணை வேறு எதுவும் வகுக்காது என்று ஒரு மனிதர் எப்படி அடித்துச் சொன்னார்? அந்தக் கேள்விக்கான பதில், இன்று கோடிக்கணக்கான இலக்கங்கள் கொண்ட பகா எண்களைத் தேடும் இயந்திரங்கள் வரை நீள்கிறது.

ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால்?

97 பகா எண்ணா என்று கேட்டால், 2, 3, 5, 7 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்தாலே போதும். 97-ன் வர்க்கமூலம் 10-க்கும் குறைவு. ஒரு எண்ணுக்கு வகுத்தி இருந்தால், அதில் ஒன்றாவது வர்க்கமூலத்துக்குள் இருந்தே ஆக வேண்டும். நான்கு வகுத்தலில் வேலை முடிந்துவிடும்.

இதே வழியை லூகாஸின் எண்ணுக்குப் பயன்படுத்தினால்? அதன் வர்க்கமூலமே 20 இலக்க எண். இரட்டைப்படை எண்களை ஒதுக்கிவிட்டு, ஒற்றைப்படை எண்களால் மட்டும், விநாடிக்கு ஒரு வகுத்தல் என்று தூங்காமல் கொள்ளாமல் செய்தாலும், முடிக்க 20 ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்!

ஆக, லூகாஸ் இந்த வழியில் போகவில்லை. போயிருக்கவும் முடியாது.

துறவி போட்ட பட்டியல்

இந்த எண் வானத்திலிருந்து குதித்ததல்ல. 127 இரண்டுகளை வரிசையாகப் பெருக்கி, வரும் விடையில் 1-ஐக் கழித்தால் இது கிடைக்கும். சுருக்கமாக, 2¹²⁷ − 1.

இந்த வடிவத்தில் வரும் பகா எண்களுக்கு ‘மெர்சென் பகா எண்கள்’ என்று பெயர். 2² − 1 = 3. 2³ − 1 = 7. 2⁵ − 1 = 31. 2⁷ − 1 = 127. நான்குமே பகா எண்கள். ஆனால், எப்போதும் இப்படி அமையாது. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்ணாகிவிடும்; உதாரணம், 2⁴ − 1 = 15. அடுக்கு பகா எண்ணாகவே இருந்தாலும் உத்தரவாதம் கிடையாது. 2¹¹ − 1 = 2047. இது 23 × 89.

பாரிஸில் வாழ்ந்த மரின் மெர்சென் என்ற கிறிஸ்தவத் துறவி, 1644-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய 11 மட்டுமே பகா எண்களைத் தரும் என்றார். 15, 20 இலக்க எண் ஒன்றைச் சோதிக்கக் காலமெல்லாம் போதாது என்று அவரே ஒப்புக்கொண்டிருந்தார். ஆகவே, பட்டியலின் பின்பகுதி ஊகம்தான்.

அந்த ஊகத்தைச் சரிபார்க்கத் தலைமுறைகள் தேவைப்பட்டன. 1772-ல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த லியோனார்ட் ஆய்லர், 2³¹ − 1 பகா எண்தான் என்று காட்டினார். அதன் மதிப்பு 214,74,83,647. இதைப் பற்றி 1811-ல் எழுதிய ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ, இதைவிடப் பெரிதாக ஒன்றைத் தேட யாரும் முன்வரப் போவதில்லை என்று கருதினார். இவை வெறும் வேடிக்கை எண்கள், பயன் எதுவும் இல்லை என்பது அவருடைய வாதம்.

பார்லோ சொன்ன அந்த ‘வேடிக்கை எண்’ 2014-ல் ஒரு வேலை பார்த்தது. ‘கங்னம் ஸ்டைல்’ பாடல் வீடியோவின் பார்வை எண்ணிக்கை 214 கோடியைத் தாண்டும் நிலை வந்தபோது, யூடியூப் தன் எண்ணியையே மாற்ற வேண்டியிருந்தது. காரணம், 32 பிட் இடத்தில் கம்ப்யூட்டர் சேமிக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண் (கழித்தல் குறிக்கும் இடம் விட்டால்) சரியாக 2³¹ − 1. அதேபோல் 128 பிட் இடத்துக்கு உச்சவரம்பு, லூகாஸின் 2¹²⁷ − 1.

யார் இந்த லூகாஸ்?

1842-ல் பிரான்ஸின் அமியான் நகரில் பிறந்தவர் லூகாஸ். பாரிஸ் வானியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். பிரான்ஸ்–பிரஷ்யா போரில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தார். போர் முடிந்ததும் பள்ளி ஆசிரியரானார். மாணவர்களுக்குப் பாடம் எடுத்த நேரம் போக, எண்களோடும் விளையாட்டுப் புதிர்களோடும் பொழுதைக் கழித்தார்.

1, 1, 2, 3, 5, 8 என்று போகும் வரிசைக்கு ‘ஃபிபோனாச்சி எண்கள்’ என்ற பெயரை நிலைக்கச் செய்தவர் இவரே. அந்த எண்களை ஆராய்ந்தபோதுதான், மெர்சென் எண்களைச் சோதிக்கும் வழி அவருக்குப் புலப்பட்டது. வகுத்தியைத் தேடாமலே, ஒரு எண் பகா எண்ணா இல்லையா என்று சொல்லிவிடும் வழி அது.

ஒரு காகிதம் எடுங்கள்... நீங்களும் சோதிக்கலாம்!

லூகாஸின் முறையில் இருந்த இடைவெளிகளை நிரப்பி, அமெரிக்கக் கணிதர் டெரிக் லேமர் பிற்பாடு எளிமையாக்கினார். இன்று ‘லூகாஸ்–லேமர் சோதனை’ என்று அழைக்கப்படும் அதை ஐந்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தவர்களே செய்துவிடலாம்.

4-ல் தொடங்குங்கள். அதை அதே எண்ணால் பெருக்கி, 2-ஐக் கழியுங்கள். வரும் விடையைச் சோதிக்க வேண்டிய எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை வைத்து மறுபடி அதே வேலை. எத்தனை முறை? அடுக்கு எண்ணைவிட இரண்டு குறைவாக. கடைசியில் மீதி பூஜ்யம் என்றால், அது பகா எண். பூஜ்யம் இல்லையென்றால், பகு எண்.

31-ஐச் சோதிப்போம். 31 என்பது 2⁵ − 1. அடுக்கு 5, எனவே மூன்று சுற்று.

முதல் சுற்று: 4 × 4 = 16. 2-ஐக் கழித்தால் 14.

இரண்டாம் சுற்று: 14 × 14 = 196. 2-ஐக் கழித்தால் 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8.

மூன்றாம் சுற்று: 8 × 8 = 64. 2-ஐக் கழித்தால் 62. 31-ஆல் வகுத்தால் மீதி 0.

முடிந்தது! 31 பகா எண். இதில் எந்த இடத்திலும் 31-க்கு வகுத்தி இருக்கிறதா என்று நாம் தேடவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து, வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் 127-ஐக் கொடுத்துப் பாருங்கள். அடுக்கு 7 என்பதால் ஐந்து சுற்று. கணக்கு சரியாகப் போனால் 14, 67, 42, 111 என்று வந்து, ஐந்தாவது சுற்றில் பூஜ்யத்தில் நிற்கும்.

2¹²⁷ − 1 என்ற 39 இலக்க எண்ணுக்கு 125 சுற்று போதும். 20 ஆயிரம் கோடி ஆண்டு வேலை, 125 சுற்றுகளாகச் சுருங்கிவிட்டது. ஆனால், ஒவ்வொரு சுற்றிலும் 39 இலக்க எண்ணை அதே அளவு எண்ணால் பெருக்கி, மறுபடி வகுக்க வேண்டும். நடுவில் ஓர் இலக்கம் தவறினாலும் அத்தனையும் வீண்.

சதுரங்கக் காய்களால் ஒரு கணக்கு

இங்கேதான் லூகாஸின் விளையாட்டுப் புத்தி கைகொடுத்தது. பத்து இலக்கங்களையும் விட்டுவிட்டு, 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் பயன்படுத்தும் இரும முறையை எடுத்துக்கொண்டார். இன்றைய கம்ப்யூட்டர்கள் பேசும் அதே மொழி.

127 வரிசை, வரிசைக்கு 127 கட்டம் என்று ஒரு மாபெரும் சதுரங்கப் பலகையை வைத்து இந்தக் கணக்கைச் செய்யலாம் என்று அவர் விவரித்திருக்கிறார். கட்டத்தில் காய் இருந்தால் 1. இல்லையென்றால் 0. எண்ணைப் பெருக்குவது என்பது, அதே வரிசையை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, கீழே கீழே அடுக்குவதுதான். பிறகு நெடுக்காகப் பார்த்து, ஒரே பத்தியில் இரண்டு காய் இருந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு, இடப்பக்கத்துப் பத்தியில் ஒரு காய் வைக்க வேண்டும்.

வகுத்தல்? அது இன்னும் சுலபம். ஒரு எண்ணை 9-ஆல் வகுத்தால் வரும் மீதியை அறிய, இலக்கங்களைக் கூட்டினால் போதும் என்று பள்ளியில் படித்திருப்போம். 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதுதான் அதன் ரகசியம். அதேபோல், 2¹²⁷-ஐ 2¹²⁷ − 1 ஆல் வகுத்தால் மீதி 1. எனவே, பலகையின் இடது ஓரத்தைத் தாண்டி வெளியே விழும் காயை, அப்படியே வலது ஓரத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டால் போதும். வகுத்தல் தானாக நடந்துவிடும்.

காயை நகர்த்துவது, எடுப்பது, வைப்பது. அவ்வளவுதான். ஆனால், ஒவ்வொரு சுற்றிலும் ஆயிரக்கணக்கான காய்கள். அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சுற்றுகள். அதற்குப் பிறகு லூகாஸ் அறிவித்த முடிவு சரிதான் என்பதை வேறு கணிதர்களும் பின்னாளில் உறுதிசெய்தார்கள்.

ஒரு வார்த்தை பேசாத உரை

அதே 1876-ல் லூகாஸ் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். மெர்சென் பட்டியலில் இருந்த 67 தவறு. 2⁶⁷ − 1 பகா எண் அல்ல. அதாவது, அதற்கு வகுத்திகள் உண்டு. ஆனால், அவை எவை? லூகாஸுக்குத் தெரியாது. அவருடைய சோதனை ‘உண்டு, இல்லை’ என்று மட்டுமே சொல்லும்; ‘எது’ என்று சொல்லாது. வீட்டுக்குள் ஆள் இருக்கிறார் என்பது உறுதி. யார் என்பது தெரியாது என்ற நிலை.

அந்த மர்மம் 27 ஆண்டுகள் நீடித்தது. 1903 அக்டோபரில், அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற பேராசிரியர் மேடையேறினார். ஒரு வார்த்தையும் பேசாமல், கரும்பலகையில் 2⁶⁷ − 1-ன் மதிப்பைக் கணக்கிட்டு எழுதினார்: 147573952589676412927. பக்கத்தில் 193707721 × 761838257287 என்று எழுதிப் பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒன்றே. பேசாமலே போய் உட்கார்ந்தார். அரங்கமே கைதட்டியது என்பது கணித உலகில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் கதை. இதைக் கண்டுபிடிக்க மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின என்று அவர் பின்பு சொன்னதாகவும் சொல்வார்கள்.

பெருக்கிக் காட்ட சில நிமிடங்கள். பிரித்துப் பார்க்கவோ மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெர்சென் பட்டியலில் 257-ம் தவறு என்று தெரிந்தது. 61, 89, 107 மூன்றும் விடுபட்டிருந்தன. துறவியின் ஊகத்தில் மொத்தம் ஐந்து பிழைகள். ஆனால், 127 மட்டும் கம்பீரமாக நின்றது.

பொம்மைக்குள்ளும் அதே எண்

இந்த எண்ணுக்கு வேறு சில குணங்களும் உண்டு.

6-ஐ வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3. கூட்டினால் மறுபடி 6. 28-க்கு 1, 2, 4, 7, 14. கூட்டினால் 28. இப்படிப்பட்டவற்றை ‘நிறைவெண்கள்’ என்பார்கள். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைப் பெற்றெடுக்கும் என்று யூக்ளிட் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே நிரூபித்துவிட்டார். 3-லிருந்து 6. 7-லிருந்து 28. லூகாஸின் எண்ணிலிருந்து பிறக்கும் நிறைவெண்ணுக்கு 77 இலக்கங்கள்.

அடுத்தது, குழந்தைகளுக்குப் பிடித்தது. மூன்று கம்பங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக வட்டுகள். ஒரு நேரத்தில் ஒரு வட்டைத்தான் நகர்த்தலாம். சிறியதன் மேல் பெரியதை வைக்கக் கூடாது. ‘ஹனோய் கோபுரம்’ என்ற இந்தப் புதிரை 1883-ல் வெளியிட்டவரும் லூகாஸ்தான். சொந்தப் பெயரை மறைத்து, எழுத்துகளை மாற்றிப்போட்ட புனைபெயரில் வெளியிட்டார். காசியில் ஒரு கோயிலில் 64 தங்க வட்டுகளை நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள், அது முடியும் நாளில் உலகம் அழியும் என்று அந்தப் பொம்மைக்கு ஒரு கற்பனைக் கதையும் உலவியது.

மூன்று வட்டுகளுக்கு 7 நகர்த்தல். ஐந்துக்கு 31. ஏழுக்கு 127. ஆம், மெர்சென் எண்களேதான்! 127 வட்டுகள் கொண்ட கோபுரத்தை மாற்றி அடுக்க எத்தனை நகர்த்தல் தேவை தெரியுமா? இந்தக் கட்டுரையின் முதல் வரியில் இருக்கும் அந்த 39 இலக்க எண்.

லூகாஸின் முடிவு வருத்தமானது. 1891-ல் ஒரு விருந்தில் பரிமாறுபவரின் கையிலிருந்து நழுவி உடைந்த தட்டின் சில்லு, அவர் கன்னத்தைக் கிழித்தது. அந்தக் காயத்தில் ஏற்பட்ட தொற்றால் சில நாட்களில் இறந்தார். வயது 49.

பழைய ராஜாவின் தோளில் புதிய ராஜா

1951-ல் இரண்டு முறை சாதனை முறிந்தது. முதலில் பிரான்ஸின் ஃபெரியே, கையால் இயக்கும் கணக்கு இயந்திரத்தின் உதவியோடு 44 இலக்கப் பகா எண்ணைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மில்லரும் வீலரும், ‘எட்சாக்’ என்ற ஆரம்பகாலக் கம்ப்யூட்டரைக் கொண்டு 79 இலக்க எண்ணைப் பிடித்தார்கள். அது எப்படிப்பட்ட எண்? லூகாஸின் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, 180-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டினால் வரும் எண். பழைய ராஜாவின் தோளில் ஏறித்தான் புதிய ராஜா மகுடம் சூடினார்.

1952-ல் இருந்து இந்தப் போட்டி முழுக்க கம்ப்யூட்டர்கள் வசம் போனது. 1996-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் வோல்ட்மன், ‘ஜிம்ப்ஸ்’ என்ற கூட்டுத் தேடலைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் தங்கள் கம்ப்யூட்டரின் ஓய்வு நேரத்தைக் கொடுத்து உதவலாம். அதன் மூலம் 2024 அக்டோபரில் அமெரிக்காவின் லூக் டியூரன்ட் கண்டுபிடித்தது 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. அதில் 4,10,24,320 இலக்கங்கள்! விநாடிக்கு ஓர் இலக்கம் என்று இடைவிடாமல் படித்தால் 475 நாட்கள் ஆகும்.

பல நாடுகளில் இருந்த சக்திவாய்ந்த சிப்கள் இந்தத் தேடலில் இறங்கின. கடைசியில் இது பகா எண்தான் என்று உறுதிசெய்ய ஓட்டப்பட்டது எந்தச் சோதனை தெரியுமா? 4-ல் தொடங்கு, அதே எண்ணால் பெருக்கு, 2-ஐக் கழி, மீதியை வைத்துக்கொள். அதே லூகாஸ்–லேமர் சோதனைதான். சுற்றுகள் மட்டும் 13 கோடிக்கு மேல்.

இதனால் என்ன பயன்?

200 ஆண்டுகளுக்கு முன் பார்லோ கேட்ட கேள்வி நியாயமானதுதான். 4 கோடி இலக்க எண்ணால் இன்று யாருக்கும் நேரடிப் பயன் இல்லை. ஆனால், கோல் கரும்பலகையில் காட்டிய வித்தியாசம் நினைவிருக்கிறதா? இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம். விடையை மட்டும் பார்த்து அவற்றைப் பிரிப்பது மலையளவு கடினம். 1977-ல் உருவான ‘ஆர்.எஸ்.ஏ.’ என்ற பூட்டு முறை இந்த வித்தியாசத்தின் மேல் கட்டப்பட்டது. இணையத்தில் ரகசியம் காக்க உலகம் முழுக்கப் பயன்பட்டது.

மெர்சென் பகா எண்கள் அந்தப் பூட்டுக்கு ரகசியச் சாவியாக உதவாது. ஊருக்கே தெரிந்த எண்களாயிற்றே! ஆனால், வேறு வகைப் பூட்டுகளில் ரகசியமாக இருக்கத் தேவையில்லாத ஒரு பகா எண்ணும் வேண்டும். அதை வைத்துக் கணக்கு வேகமாக ஓட வேண்டும். வெளியே விழும் காயை மறு ஓரத்தில் வைக்கும் அந்த வித்தை இங்கே கைகொடுக்கிறது. 2015-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வடிவமைத்த ‘ஃபோர்க்யூ’ என்ற மறைகுறியீட்டு முறை, 2¹²⁷ − 1-ஐயே அடித்தளமாகக் கொண்டது.

இன்னும் ஒரு புதிர் மிச்சமிருக்கிறது. 2-ல் தொடங்கினால், 2² − 1 = 3. 2³ − 1 = 7. 2⁷ − 1 = 127. 2¹²⁷ − 1 = லூகாஸின் எண். ஒவ்வொரு விடையும் அடுத்ததன் அடுக்காகிறது. எல்லாமே பகா எண்கள். லூகாஸின் கண்டுபிடிப்பு வந்த உடனேயே பெல்ஜியத்தில் இருந்த கணிதர் யூஜின் கட்டலான் இதைக் கவனித்தார். அப்படியானால் அடுத்த கண்ணியும் பகா எண்தானா?

இதுவரை யாருக்கும் தெரியாது. அந்த எண்ணில் எத்தனை இலக்கங்கள் என்பதைச் சொல்வதற்கே 38 இலக்க எண் தேவை. உலகத்தின் எல்லாக் கம்ப்யூட்டர்களும் சேர்ந்தாலும் அதை எழுதி வைக்க இடம் போதாது. லூகாஸின் சோதனைக்கே பிடிபடாத எண் அது. 20 ஆயிரம் கோடி ஆண்டு வேலையை 125 சுற்றுகளாகச் சுருக்கியதுபோல, இதையும் சுருக்க இன்னொரு புதிய வழி பிறக்க வேண்டும். 127-ஐச் சோதித்துப் பூஜ்யம் வந்ததும் “அடுத்து என்ன?” என்று கேட்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க, இந்தக் கேள்வி இன்னும் அப்படியே காத்திருக்கிறது.